தாயே என்றார் அத்தை

மார்ச் 2, ஞாயிறு

நாளைக் காலை சுகந்தி கோவில்பட்டிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருகிற மாதிரியான போக்கு இல்லை. பீரோ, கிரைண்டர், தையல் மிஷின் எல்லாம் போகின்றன. அவளுடைய அண்ணன் செல்லப்பாண்டி சொந்தமாகக் குட்டி யானை சரக்கு வண்டி ஓட்டுகிறார். அதிலேயே வந்து ஏற்றிக்கொள்வாராம்.

நான் குறுக்கே நிற்கவில்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

"அது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லா வரும்" என்றாள்.

காரணம் இதுதான். போன வாரம் ராஜபாளையத்தில் என் சித்தி மகளுக்கு வளைகாப்பு. சுகந்தி வளையலை எடுத்துக்கொண்டு மேடையேறியபோது சித்தி, "நீ தள்ளி நில்லும்மா. மொதல்ல பிள்ள பெத்தவுக போடட்டும்" என்று சொல்லிவிட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மேடைக்குப் பக்கத்திலேயே முதல் பந்தி நடந்தது. நான் இலையில் உட்கார்ந்திருந்தேன். சித்தி சொன்னது காதில் விழுந்தது. அதற்காகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து சண்டை போடுவதா? ரசம் கேட்டேன். ஒரு மனிதன் ரசம் கேட்டது இவ்வளவு தூரம் போகும் என்று யார் நினைப்பார்கள்?

உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலிக்கிறது. லேசாகக் காய்ச்சல். நெஞ்சில் இரண்டு மூன்று சிவப்புத் தடிப்பு. கொசுவாக இருக்கும். எங்கள் அச்சகத்தில் கணக்கர் பால்சாமிக்கும் இப்படித்தான் வந்தது. சூட்டுக் கொப்புளம் என்று பவுடரை அப்பிக்கொண்டு ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தார்.

மார்ச் 3, திங்கள்

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மச்சானும் அத்தையும் வந்து இறங்கினார்கள். அத்தை என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "சாமானெல்லாம் தயாரா?" என்று கேட்டார். ஆறு வருடமாக என்னோடு பேசுவதெல்லாம் சுவர் வழியாகத்தான்.

கிரைண்டரும் தையல் மிஷினும் ஏறிவிட்டன. பீரோதான் கனம். "மாப்ள, சட்டையக் கழட்டிட்டுப் பிடிங்க, கிழிஞ்சிறப் போகுது" என்றார் மச்சான். பிரிந்து போகிற பெண்ணின் பீரோவைப் புருஷனே தூக்கிவிடுவது உலகத்தில் எங்காவது உண்டா? ஆனாலும் பிடித்தேன். வாசல் நிலையில் பீரோ முட்டியது. திருப்பிப் பிடித்தபோது என் முதுகு அத்தை பக்கம் வந்தது.

"பாண்டி, பீரோவ எறக்குடா."

"எதுக்கும்மா? பாதி வந்துருச்சு."

"எறக்குங்கிறேன்ல!"

இறக்கினோம். அத்தை என்னைச் சுற்றி வந்து முதுகையும் வயிற்றையும் பார்த்தார். செருப்பைக் கழற்றி எறிந்தார். தெரு என்றும் பாராமல் என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே! நீ வந்து எறங்கியிருக்கிறது தெரியாம சாமானத் தூக்க வந்துட்டேன் ஆத்தா. பொறுத்துக்க தாயே!"

"பரவாயில்லைங்க அத்தை" என்றேன்.

கொசு இல்லை. அம்மை. தண்ணீர்த் துளியை ஒட்டவைத்த மாதிரி முதுகெல்லாம் கொப்புளம் என்று மச்சான் செல்போனில் படமெடுத்துக் காட்டினார். சாமி இறங்கிய வீட்டிலிருந்து ஒரு சாமானும் வெளியே போகக்கூடாது, குணமாகித் தலைக்குத் தண்ணி ஊற்றும்வரை வீட்டிலிருக்கிற ஆளும் போகக்கூடாது என்று அத்தை உத்தரவு போட்டார். ஏற்றிய கிரைண்டரும் தையல் மிஷினும் இறங்கின. பீரோ பழைய இடத்துக்கே போனது. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று.

சுகந்தி மட்டும் பக்கத்தில் வரவில்லை. விஷயம் தெரிந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடி அறைக்குப் போனவள் இறங்கவே இல்லை. புருஷன் படுத்துக் கிடக்கும்போது இவ்வளவு வெறுப்பு தேவையில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நடு அறைக் கட்டிலில் வேப்பிலை மேல் மஞ்சள் துணி விரித்துப் படுத்திருக்கிறேன். அத்தை பானக்கம் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை கைகட்டி நிற்கிறார். தாளிப்பு கிடையாது. சீப்பு, சவரம் கிடையாது. என் பேரை யாரும் சொல்லக்கூடாது. மச்சான் வாய் தவறிக் "காளிராஜ்" என்று கூப்பிட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அத்தை தடுத்தும் கேட்காமல் சுகந்தி முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜி.எச்.சுக்குப் போனாள். திரும்பி வந்து மாடிப்படியில் நின்றபடியே டாக்டரம்மா சொன்னதைக் கத்தினாள். பெரியவர்களுக்கு வந்தால் சின்னப் பிள்ளைகளைவிடக் கடுமையாக இருக்குமாம். மாத்திரையை உடனே ஆரம்பிக்க வேண்டுமாம், தள்ளிப்போட்டால் அவ்வளவாகப் பலிக்காதாம். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும்தான், ஆஸ்பிரின் கூடவே கூடாது. குளிக்கலாம், ஆனால் சொறியக்கூடாது, நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். மூச்சு வாங்கினாலோ ஆள் குழம்பினாலோ அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரி. கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்கு கட்டும்வரை யாரோடும் கலக்கக்கூடாது. வீட்டிலிருப்பவர்களும் இப்போதைக்கு ஊர்விட்டு ஊர் போக வேண்டாம்.

இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் டாக்டரம்மாவும் அத்தையும் ஒரே கட்சி.

"மாத்திரையா? ஆத்தா வந்திருக்கும்போது மாத்திரை குடுத்தா கோவிச்சுக்குவாடி" என்றார் அத்தை.

சுகந்தி வாதாடவில்லை. தெருமுனை மாரியம்மன் கோயில் பூசாரியிடம் மாத்திரைப் பட்டையைக் கொடுத்து, சாமி காலடியில் வைத்து, திருநீறு போட்டு வாங்கி வந்தாள். அத்தை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எனக்குக் கொடுத்தார். மச்சான் கலாமைன் லோஷனையும் கோயிலுக்கு எடுத்துப்போய் வந்தார். ரோஸ் நிறத்தில் இருந்ததால் அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

இன்னொன்று. இதற்குமுன் அம்மை வராதவர்கள் இரண்டு மூன்று நாளுக்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் தப்பிக்கலாமாம்.

"அண்ணே, நீ வர்றியா? உனக்குப் போட்டுருவோம்."

"எனக்கெதுக்கு? எனக்குத்தான் சின்ன வயசுலயே வந்துருச்சே" என்றார் மச்சான்.

பிறகு, "நல்லாத் தெரியுமா? எனக்கு வந்துச்சா, உனக்கு வந்துச்சா?" என்று சுகந்தி கேட்டாள்.

"எனக்குத்தான்!"

அவளும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ரத்தம்தான் கொடுத்திருக்கிறாள். அந்த ரத்தம் சோதனைக்கு மதுரை போய் வரவேண்டுமாம். ஒரு ஊசியில் முடிகிற காரியத்துக்கு எதற்கு மதுரை? அவளுக்கு எதிலும் சுற்று வழிதான்.

மார்ச் 5, புதன்

எதிர்வீட்டு கனகவல்லி அக்கா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். எனக்கு நல்ல காய்ச்சல்.

"தாயே, வீட்டுக்குப் பின்னால போர் போடப் போறோம். தண்ணி வருமா?"

விடிய விடிய அரிப்பு, தூக்கம் வரவே இல்லை. அதைத்தான் புலம்பிக்கொண்டிருந்தேன். "வராது... வரவே வராது" என்றேனாம்.

மதியம் போர்வெல் லாரி வந்த வழியே திரும்பிப் போயிற்று. சாயங்காலம் ஜன்னலில் நான்கு பேர் நின்றார்கள். மகனுக்கு விசா கிடைக்குமா என்று ஒருவர். சம்பந்தி வீட்டார் மனம் மாறுவார்களா என்று ஒருவர். யாருக்கும் நான் கெடுதலாகச் சொல்லவில்லை. ஆறு வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன். என்னிடம் யாரும் மணி என்ன என்றுகூடக் கேட்டதில்லை.

மார்ச் 6, வியாழன்

எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மதியம் அத்தை கூழ் கொண்டுவந்து, "ஆத்தா, வேற என்ன வேணும்?" என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "புருசன் பொஞ்சாதியப் பிரிக்கக் கூடாது" என்றேன்.

அத்தை சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். மச்சான் ஓ என்று அழுதார். "தப்புத்தான் தாயே! வண்டிய எடுத்துட்டு வந்தது என் தப்புத்தான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கே ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்தது.

"சுகந்தி! இங்க வந்து கேளுடி, ஆத்தா என்ன சொல்றான்னு!"

மாடியிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

"அன்னைக்கிப் பந்தியில ரசம் கேட்டதும் அந்த ஆத்தாதானான்னு கேட்டுச் சொல்லும்மா."

கூழ் ஆறிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

அரிப்பு. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 8, சனி

காய்ச்சல் விட்டது. முதுகில் பொருக்கு கட்ட ஆரம்பித்திருக்கிறது.

வீட்டில் பெரிய சண்டை. என்னைப் பற்றி இல்லை. சின்ன வயதில் அம்மை வந்தது சுகந்திக்கா, மச்சானுக்கா என்று.

"ரெண்டுல ஒண்ணுக்கு வந்துச்சு. கழுகுமலையில பெரியப்பா வீட்டுல வச்சுத் தண்ணி ஊத்துனோம். எதுன்னுதான் வரமாட்டேங்குது" என்றார் அத்தை.

"எனக்குத்தான்மா! இந்தா பாரு தழும்பு." மச்சான் நெற்றியைக் காட்டினார்.

"அது நீ சைக்கிள்ல இருந்து விழுந்ததுடா."

"அப்ப இது?"

"அது சேவல் கொத்துனது."

நான் சிரித்துவிட்டேன். மாடியில் சுகந்தி சிரிக்கவில்லை. "அண்ணே, வெளையாடாத. உண்மையச் சொல்லு. உனக்கு வந்திருந்தா எனக்கு வரலைன்னு அர்த்தம். உன் கால்ல விழுறேன், உண்மையச் சொல்லு" என்றாள். குரல் உடைந்துவிட்டது. மச்சான் எதையோ சொல்ல வாயெடுத்து, முழுங்கிவிட்டு, "எனக்குத்தான் வந்துச்சு" என்று முனகினார். பிறகு வண்டியைக் கழுவப் போய்விட்டார். காலையில்தான் கழுவியிருந்தார்.

இதற்கெல்லாம் எதற்கு அழுகை? வந்தால் என்னைப்போல் படுத்து எழுந்துவிட்டுப் போகிறாள். ஆனால் அவள் உடம்பு சரியில்லைதான். காலையில் மாடிக் குழாயடியில் ஓங்கரிக்கிற சத்தம் கேட்கிறது. வேப்பிலை வாடை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அத்தை மாடிக்குப் போய் வெகுநேரம் பேசிவிட்டு இறங்கினார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழவில்லை. சாமி நான் இங்கே படுத்திருக்கிறேன், அங்கே என்ன வேலை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று யாரும் என்னைத் தாயே என்று கூப்பிடவில்லை. பானக்கமும் வரவில்லை. அத்தை கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மச்சான் என் கண்ணைப் பார்க்காமல் திரிகிறார். மாடியில் விளக்குப் போடவில்லை. ஏதோ நடக்கிறது. என்னிடம் யாரும் சொல்வதில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாடியில் சுகந்தி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு படியில் காலடிச் சத்தம். படுத்தபிறகு முதல்முறையாக என் அறைக்குள் வந்தாள். முகக்கவசம் இல்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத்தான் சின்னதுல வந்திருக்கு. ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்காம். இனி பயமில்லையாம்."

"நல்லதுதான். அதுக்கு எதுக்கு இந்த அழுகை?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாசமா இருக்கேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. எந்த மாசம் என்று கேட்டேன். ஆம், அப்படித்தான் கேட்டேன்.

"மாசமா இருக்கிறவளுக்கு இது வந்தா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்துன்னு டாக்டர் சொன்னாங்க. தடுப்பூசியும் எனக்குப் போடக்கூடாதாம். எதிர்ப்பு சக்தி இல்லைன்னு வந்திருந்தா இன்னும் ரெண்டு நாளைக்குள்ள வேற ஊசி தேடி மதுரைக்கு ஓடணும். அதுலயும் முழுசாத் தப்பிக்கலாம்னு சொல்ல முடியாதாம். இத்தன நாளா மேல ஒத்தையில உக்காந்து..."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வளைகாப்பு அன்னைக்கிக் காலையில. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

அந்தப் பேருந்துப் பயணம் எனக்கு நினைவிருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நான் தூங்கிவிட்டேன்.

கையை நீட்டினேன். கையெல்லாம் பொருக்கு. பின்னுக்கு இழுக்கப் போனபோது அவளே பிடித்தாள். "சொறிஞ்சிருக்கீங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அத்தை வந்தார். என் காலில் விழுவதா, மகளைக் கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்று கும்பிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். போன வாரம் எழுதியதையும் படித்தேன். கிழிக்கலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். அத்தை சொம்பை எடுத்து ஊற்றிய கடைசி நிமிடம்வரை தாயேதான். துண்டைக் கையில் கொடுத்தபோது சுவரைப் பார்த்து, "தலையத் தொடைக்கச் சொல்லு" என்றார்.

சுகந்தி போகிறாள். போகாதே என்று சொன்னேன். இந்த முறை சாமி குரலில் இல்லை, சொந்தக் குரலில். பத்து நாள் படுக்கையில் விழுந்து எழுந்தால் எல்லாம் சரியாகிவிடாது, நிம்மதியாக இருந்து யோசிக்க வேண்டும் என்றாள். மற்றதெல்லாம் வண்டியில் ஏறிவிட்டன; பீரோவை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னது டாக்டரா என்று கேட்டேன். "பீரோ கனம். அண்ணனுக்கு இடுப்பு வலி" என்றாள். மச்சானுக்கு இடுப்பு வலி இருப்பதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சமையல். சாம்பார் மாதிரி ஒன்று.

மார்ச் 18, செவ்வாய்

என் பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்டது. அச்சகத்துக்குப் போனேன். முதலாளியிடம், இனி யாருக்காவது கொப்புளம் வந்தால் சம்பளத்தோடு லீவு கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பால்சாமி என் முகத் தழும்புகளைப் பார்த்து, "சூடுதானே?" என்றார். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஆபீசில் சத்தம் போட்டேன்.

மார்ச் 19, புதன்

கோவில்பட்டியிலிருந்து சுகந்தி போன். "அண்ணனுக்கு வந்துருச்சு."

மச்சானுக்குச் சின்ன வயதில் வரவே இல்லை. சுகந்தியின் ரத்தச் சோதனை வந்த அன்றே எங்களுக்கு அது உறைத்திருக்க வேண்டும். ஊசிக்குப் பயந்து சொன்ன பொய். மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் தூக்குகிற மனிதர், ஊசியைக் கண்டால் கண் இருட்டுமாம். பஞ்சாயத்து ஆபீசில் காலரா ஊசி போட்டபோது ஜன்னல் வழியாகக் குதித்தாராம். காய்ச்சலில் தானாகவே எல்லாவற்றையும் சொல்லி, தங்கச்சி காலைப் பிடித்து அழுதிருக்கிறார்.

"அம்மாவால ஒத்தையில முடியல. பெரிய ஆளு, தூக்கி உக்கார வைக்கணும்" என்றாள் சுகந்தி. வாருங்கள் என்று சொல்லவில்லை. எனக்கு இனி வராது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மார்ச் 22, சனி

மச்சானுக்கு நகம் வெட்டினேன், லோஷன் தடவினேன். மாத்திரையைக் கோயிலுக்குக் கொண்டுபோகாமலே கொடுத்தேன். முதல் நாளே ஆரம்பித்ததால் கொப்புளம் என் அளவுக்கு இல்லை. அத்தை அவரைத் தாயே என்கிறார். என்னைத் "தம்பி" என்கிறார். முகத்தைப் பார்த்தே.

மாலையில் சித்தி போன் செய்தார். விஷயம் யார் மூலமோ தெரிந்திருக்கிறது. "அம்மை போட்ட வீட்டுல உண்டான பிள்ள குறையோடதான் பொறக்கும், நேரத்தோட ஏதாச்சும் செஞ்சிருங்கப்பா" என்றார். பேசினேன். கொஞ்சம் விரிவாகவே பேசினேன். இனி சித்தி போன் செய்யமாட்டார் என்று நினைக்கிறேன். மச்சான் படுத்தபடியே கைதட்டினார். கொப்புளம் உடையும் என்று அதட்டினேன்.

சமையல்கட்டில் சுகந்தி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது. சற்று நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

ஏப்ரல் 5, சனி

கோவில்பட்டியில் ஸ்கேன் எடுக்கிற இடம். பெஞ்சு நிறையக் கர்ப்பிணிப் பெண்கள். நான் உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் என் முகத்தைப் பார்த்து, "அய்யய்யோ, அம்ம!" என்றாள். அடுத்த நொடி மொத்தப் பெஞ்சும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. நர்ஸ்கூட மேஜைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பயப்படாதீங்கம்மா. பொருக்கு உதிர்ந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. இது வெறும் தழும்பு, இது யாருக்கும் ஒட்டாது. கொப்புளத்துல தண்ணி இருக்கிறவரைக்கும்தான் பரவும். கல்யாணம் பண்ணி, பிள்ளைக்குத் தயாராகிறதுக்கு முந்தியே தடுப்பூசி போட்டுக்கிட்டா நல்லது. இப்ப போடக்கூடாது." இவ்வளவு நீளமாக நான் பொது இடத்தில் பேசியதில்லை. குரல் ஒரு இடத்தில் கீச்சென்று போயிற்று.

ஒருவரும் திரும்பி வரவில்லை.

சுகந்தி போய்க் காலிப் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "வாங்க. நல்லா வசதியா இருக்கு" என்றாள். போய் உட்கார்ந்தேன்.

"சுகந்திகூட வந்தது யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

எழுந்தேன். அவள் கைப்பையை என்னிடம் கொடுத்தாள்.

"உள்ள வந்து ஊமையா நிக்காதீங்க. டாக்டர்கிட்டக் கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"எல்லாத்தையும்."

கேட்டேன். "சார், போதும், வெளிய இன்னும் ஆள் காத்திருக்காங்க" என்று டாக்டர் கதவைக் காட்டும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.